ஏழு மவுத்பீஸும் ஒரு முன்பல்லும்

அந்தத் திங்கட்கிழமை காலை, முகம் மழித்துக்கொண்டே நான் ஒரு முடிவெடுத்தேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் நானாக எடுத்த மூன்றாவது முடிவு அது. முதல் இரண்டையும் நான் எடுத்த அன்றைக்கே என் மனைவி பெரில் ரத்து செய்துவிட்டாள். அதனால் இந்த முறை அவளிடம் மூச்சே விடுவதில்லை என்பதையும் முடிவோடு சேர்த்துக்கொண்டேன்.

முடிவு இதுதான். என் பாஸ் கிளாரினெட்டுக்கு உலகத்தரமான ஒரு மவுத்பீஸ் வாங்க வேண்டும்.

பாஸ் கிளாரினெட்டை நேரில் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண கிளாரினெட்டுக்குப் பத்து வருஷம் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பாடு போட்டு வளர்த்தால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கும். தரையில் ஒரு கம்பியை ஊன்றி நிறுத்தி, உட்கார்ந்துகொண்டு ஊத வேண்டும். அடிப்பக்கம் புகை பிடிக்கிற பெரிய சுங்கான் மாதிரி மேலே வளைந்திருக்கும். மேல்பக்கம் நாம் வாயில் வைக்கிற கறுப்பு மூக்குதான் மவுத்பீஸ். அதன் அடியில் சீவாளியைக் கட்டி, முதுகில் மேல்பல்லை அழுத்தி, கீழுதட்டால் தாங்கி ஊதினால், தூங்குகிற பூனையின் வயிற்றில் காது வைத்தால் கேட்குமே, அந்தச் சத்தம் வரும். வர வேண்டும்.

எங்கள் வாலாரூ ஊர் பேண்டில் பத்தொன்பது வருஷமாக அதை ஊதுகிறேன். பகலில் துறைமுகத்துத் தானியக் கிடங்கில் கோதுமை லாரிகளை எடை போடுகிற வேலை. செவ்வாய் சாயங்காலம் பேண்டு. இத்தனை வருஷமும் எனக்கு எழுதிக்கொடுத்தது ‘பூம்’ மட்டுந்தான். அப்புறம் கொஞ்சம் ஓய்வு. அப்புறம் இன்னொரு ‘பூம்’. நான் ஊதாமல் கன்னத்தை மட்டும் உப்பிக்கொண்டு உட்கார்ந்தால் யாருக்காவது தெரியுமா என்று ஒரு நாள் முழுக்கப் பரிசோதித்தேன். “இன்னைக்கு ரொம்ப நல்லா ஊதினீங்க நெவில்” என்று பாராட்டு வந்தது.

இந்த வருஷம் எல்லாம் மாறிப்போனது. எங்கள் கண்டக்டர் கோலீன் ஹோக்கிங் (பஸ் கண்டக்டர் இல்லை, பேண்டுக் கண்டக்டர், பாதி வழியில் இறக்கிவிடுவதில் இரண்டு பேரும் ஒன்று) புதிதாக ஒரு பாட்டைக் கொண்டுவந்தாள். அதன் நடுவில் மொத்த பேண்டும் வாயை மூடிக்கொள்ள, எட்டு அடி இசை பாஸ் கிளாரினெட்டுக்கு மட்டும். தனி ஆவர்த்தனம்! எனக்கு! ஆறு வாரத்தில் ஊர் மண்டபத்தில் கச்சேரி.

முதல் ஒத்திகையில் என் இடம் வந்தது. முப்பத்திரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மூச்சை இழுத்தேன். ஊதினேன்.

“கீ... ச்ச்!”

ஜன்னலுக்கு வெளியே மரத்தில் இருந்த காக்கட்டூக் கிளி ஒன்று சொந்தக்காரன் கூப்பிட்ட மாதிரி பதில் கொடுத்தது.

“நெவில், அது என்ன சத்தம்?” என்றாள் கோலீன்.

“மவுத்பீஸ், கோலீன். பழசாயிடுச்சு.”

“போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?”

“போன வாரம் வரைக்கும் என்னை யாரும் கேக்கலையே.”

“இந்த மாசம் முடியற வரைக்கும் பாக்கறேன். அப்பவும் கீச்சுன்னா, அந்த எட்டு அடியை மெர்வினுக்குக் கொடுத்துடுவேன்.”

யூஃபோனியம் ஊதுகிற மெர்வின் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் முதுகெலும்பு நேராக இருந்து நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

உங்களிடம் மறைப்பானேன். கோளாறு மவுத்பீஸில் இல்லை. மேல்வரிசையில், முன்னால், இடது பக்கம் ஒரு பல். எனக்கென்று சொந்தமாக இருந்த ஒரே சொத்து அந்தச் சொத்தை. மவுத்பீஸ் முதுகில் அந்தப் பல் பட்டால் உச்சந்தலையில் யாரோ ஆணி அடிப்பார்கள். அதனால் பல்லைத் தூக்கிக்கொண்டு ஊதினேன். தூக்கினால் கீச்சு. பல்லவி ஆரம்பிக்கிற இடத்தில் எனக்குப் பல்வலி ஆரம்பித்தது.

பல் டாக்டரிடம் போகலாமே என்பீர்கள். எனக்குப் பல் டாக்டர் என்றால் கொஞ்சம் பயம். கொஞ்சம் என்றால், எங்கள் ஊரில் பல் ஆஸ்பத்திரி இருக்கிற தெருவில் நான் பதினோரு வருஷமாக நடந்ததில்லை. தபால் ஆபீசுக்கே கடற்கரை வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போவேன்.

அதனால் இப்படி யோசித்தேன். மட்டமான மவுத்பீஸ் என்றால் அழுத்திக் கடிக்க வேண்டும். உயர்ந்த மவுத்பீஸ் என்றால் பல்லை மேலே சும்மா வைத்தாலே போதும். ஆக, மவுத்பீஸை மாற்றினால் பல்லை மாற்ற வேண்டியதில்லை. எப்படி என் மூளை!

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பாஸ்டி. பெரில் ஊர் பேக்கரியில் வேலை செய்கிறாள். கறியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்து, ஓரத்தைக் கயிறு மாதிரி முறுக்கி அவள் சுடுகிற பாஸ்டிக்குக் கார் எடுத்துக்கொண்டு வெளியூரிலிருந்தெல்லாம் வருவார்கள். என் தட்டைப் பார்த்தாள்.

“ஓரத்தை ஏன் விட்டுட்டே?”

“வயிறு நிறைஞ்சிடுச்சு.”

“பாதி பாஸ்டியிலயா? உனக்கா?”

“டயட்ல இருக்கேன்.”

“டயட்ல இருக்கறவன் உள்ள இருக்கறதை விடுவான். நீ ஓரத்தை விட்டுட்டு உள்ள இருக்கறதைத் தோண்டித் தின்னிருக்கே. எலி மாதிரி.”

“சரி, நாளைக்கு ஓரத்தையும் திங்கறேன்.”

“வாயைத் திற.”

“எதுக்கு?”

“சும்மாதான். முப்பத்தொரு வருஷமா வெளியே வர்றதைத்தான் கேட்டிருக்கேன். உள்ளே என்ன இருக்குன்னு ஒரு தடவை பாத்துக்கறேன்.”

“ஒண்ணும் இல்லே பெரில். எல்லாம் அந்த மவுத்பீஸால வந்த வினை.”

“பாஸ்டியை மவுத்பீஸ் வெச்சா சாப்பிடறே?”

நான் கிளாரினெட்டைத் துடைக்க வேண்டும் என்று எழுந்துவிட்டேன். அவளும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பெரில் கேள்வி கேட்பதை நிறுத்தினால் ஒரு மனுஷன் உஷாராக வேண்டும். நான் நிம்மதியாகி, சூப் குடித்துவிட்டுத் தூங்கினேன்.

அடுத்த செவ்வாய், ஒத்திகை மண்டபத்துப் பலகையில் ஒரு சீட்டு. டைப் அடித்தது. ‘பாஸ் கிளாரினெட்டுக்கான மிக உயர்ந்த ரக மவுத்பீஸ்கள் ஏழு. ஊதிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். சனிக்கிழமை காலை பத்து மணி, அடிலெய்ட். ஆ. லிண்ட்னர்.’ கீழே விலாசம், தொலைபேசி எண்.

மெய்சிலிர்த்துவிட்டது. தென் ஆஸ்திரேலியா முழுக்க பாஸ் கிளாரினெட் ஊதுகிறவர்களை எண்ணினால் இரண்டு கை விரல்களிலேயே மிச்சமிருக்கும். அதில் ஒருத்தனுக்குத் தேவைப்படுகிற நேரம் பார்த்து, அவன் தலைக்கு நேரே, அவன் கண் உயரத்தில் இப்படி ஒரு சீட்டு! என் அதிர்ஷ்டத்தை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். வேறு யாரும் பார்த்துவிடக் கூடாதென்று சீட்டைக் கிழித்துப் பையில் போட்டேன். மெர்வின் அதைப் பார்த்துச் சிரித்தான். பொறாமை என்று நினைத்தேன்.

இனி பெரிலுக்கு ஒரு கதை வேண்டும். இரண்டு நாள் யோசித்துத் தயார் செய்தேன்.

“பெரில், முன்னறை ஜன்னல் திரையெல்லாம் வெளுத்துப்போச்சு பாத்தியா?”

“ஆறு வருஷமா நானும் சொல்லிட்டிருக்கேன்.”

“அடிலெய்ட்ல ஒரு கடையில சனிக்கிழமை தள்ளுபடியில விக்கறாங்களாம். போலாமா?”

“போலாமே.”

அவ்வளவுதான். எந்தக் கடை, யார் சொன்னது, உனக்கு உடம்பு சரியில்லையா, ஒரு கேள்வி இல்லை. பத்து லட்சம் லாரியை எடை போட்டவன் நான். பெண்டாட்டியை எடை போடத் தெரியவில்லை.

சனிக்கிழமை பெரில்தான் கார் ஓட்டினாள். என் கிளாரினெட் பெட்டியைப் பின்சீட்டில் கம்பளிக்கு அடியில் மறைத்திருந்தேன். இரண்டு மணி நேரப் பயணம். அவள் வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தாள். அடிலெய்டுக்குள் நுழைந்ததும் இரண்டாவது கதையை எடுத்துவிட்டேன்.

“நீ கடைக்குப் போ பெரில். என்னை அந்தத் தெருமுனையில இறக்கிவிட்டுடு. தண்ணித் தொட்டிக்குப் பம்பு விஷயமா ஒருத்தரைப் பாக்கணும்.”

“நானும் வர்றேன். பம்பு பாத்து எவ்ளோ நாளாச்சு.”

“உனக்குப் போரடிக்கும்.”

“உன்கூட இருந்து பழகிடுச்சு.”

வேறு வழியில்லை. விலாசத்தைச் சொன்னேன். அவள் அந்த விலாசத்து வீட்டின் முன்பக்கம் போகாமல் பின்பக்கச் சந்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். முன்னால் நிறுத்த இடம் இருக்காதாம். பார்க்காமலே எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவில்லை. பின்சீட்டுக் கம்பளியை அவளே விலக்கி, பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

“இந்தா, உன் பம்பு.”

என் முகத்தில் ரத்தம் இல்லை. அவள் அதற்குள் தோட்டத்துக் கதவைத் திறந்து, எலுமிச்சை மரத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தாள்.

லிண்ட்னர் உயரமானவர். வெள்ளைத் தாடி. கண்ணில் ஒரு கனிவு. இப்படி ஒரு மனுஷனுடன் பத்து நிமிஷம் பேசினால் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிடலாம் போல இருந்தது. தோட்டத்து அறையில் பச்சை வெல்வெட் துணி விரித்து ஏழு மவுத்பீஸ்களை வைத்திருந்தார். ஏழும் கறுப்பு. ஏழும் ஒரே அச்சு. வித்தியாசமெல்லாம் உள்ளே. நுனித் திறப்பு ஒன்றில் மயிரிழை அதிகம், ஒன்றில் மயிரிழை குறைவு. எது எதுவென்று தெரிய ஒவ்வொன்றின் மேலும் எண் எழுதிய குட்டி ஸ்டிக்கர்.

“அவசரமே இல்லை நெவில்,” என்றார். “மவுத்பீஸ் தேடறது செருப்பு தேடற மாதிரி. நல்லதுன்னு ஒண்ணும் கிடையாது. உங்க காலுக்கு எதுங்கறதுதான். ஆனா இந்த நாலாவது இருக்கே, இதைப் பெரிய பெரிய ஆளுங்க வந்து கேட்டும் நான் கொடுத்ததில்லை.”

அந்த ஒரு வார்த்தை போதும். நான் நாலாவதுக்கு விழுந்துவிட்டேன். இருந்தாலும் முறைப்படி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

ஒன்று: கீச்சு. இரண்டு: கீச்சு. மூன்றாவதில் ஆணி உச்சந்தலைக்குள் இறங்கியது. நாலாவதை பயபக்தியோடு வாயில் வைத்து ஊதினேன். கீச்சிலேயே உயர்ந்த ரகக் கீச்சு. பெரில் ஒரு மூலையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சர்ச்சில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தாள்.

“ஊதறப்போ மேல்பல்லைத் தூக்கிக்கறீங்களே, ஏன்?” என்றார் லிண்ட்னர்.

“அது என் பாணி.”

“ஓஹோ. உங்க கடி எப்படின்னு பாத்தா எந்த மவுத்பீஸ்னு சொல்லிடலாம். பக்கத்து அறையில நல்ல வெளிச்சம் இருக்கு. வர்றீங்களா?”

போனேன். கலைஞன் கலைஞனோடு போவது போலத் தலைநிமிர்ந்து போனேன். கதவைத் திறந்தார்.

உள்ளே அந்த நாற்காலி.

உங்களுக்குத் தெரியும் எந்த நாற்காலி என்று. சாய்கிற நாற்காலி. மேலே பெரிய விளக்கு. பக்கத்தில் குட்டி வாஷ்பேசின். தட்டில் வரிசையாகக் கொக்கிகள். சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ்: டாக்டர் ஆஸ்கர் லிண்ட்னர், பல் மருத்துவர். ஜன்னல் வழியாக முன்வாசல் தெரிந்தது. அங்கே கேட்டில் பளபளவென்று ஒரு பித்தளைப் பலகை. பின்பக்கச் சந்து ஏன் என்பது அப்போதுதான் புரிந்தது.

என் கால் இரண்டும் என்னைக் கேட்காமலே திரும்பின. கதவில் பெரில் நின்றிருந்தாள். கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

“பெரில்! இது... இவரு... பல்லு...”

“ஆமா. பல் டாக்டர். பொழுதுபோக்குக்குப் பாஸ் கிளாரினெட் ஊதறாரு. கோலீனோட பல்லெல்லாம் இவர் கட்டினதுதான்.”

“அந்தச் சீட்டு?”

“நான் சொல்லச் சொல்ல கோலீன் டைப் அடிச்சா. உன் கண் உயரம் எவ்வளவுன்னு மெர்வின் அளந்து ஒட்டினான்.”

“மெர்வினுக்குமா தெரியும்?”

“பேண்டுல எல்லாருக்கும் தெரியும். முப்பத்திரண்டு பேரும் சேர்ந்து ஒரு பல்லைக் காப்பாத்தறாங்க. நீ என்னடான்னா ஓடப் பாக்கறே.”

டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “உங்க சம்மதம் இல்லாம நான் தொட மாட்டேன் நெவில். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். உள்ளே சீழ் இருக்கும்போல. இதை விட்டா வீங்கும், காய்ச்சல் வரும், அப்புறம் பல்லையே எடுக்க வேண்டியிருக்கும். முன்பல் போச்சுன்னா மவுத்பீஸை எதுமேல வைப்பீங்க? இப்ப விட்டீங்கன்னா வேரைச் சுத்தம் பண்ணி, அடைச்சு, பல்லைக் காப்பாத்திடலாம்.”

பல் போனால் பாஸ் கிளாரினெட் போச்சு. பெரிலைப் பார்த்தேன். அவள் சாவியைச் சுழற்றுவதை நிறுத்தியிருந்தாள். முகத்தில் கிண்டல் இல்லை.

“மூணு வாரமா ராத்திரியில தலகாணியைக் கடிச்சுக்கிட்டு முனகறே,” என்றாள் மெதுவாக. “எனக்குக் கேக்காதுன்னா நினைச்சே?”

நான் போய் நாற்காலியில் படுத்தேன். வீரத்தால் இல்லை. வெளியே போகிற வழியில் பெரில் நின்றாள், மிச்சமிருந்தது நாற்காலிதான்.

ஊசியைப் பற்றி எழுத மாட்டேன். எழுதினால் திரும்ப வலிக்கும். ஒன்று மட்டும் உண்மை. வலிக்கும் வலிக்கும் என்று பதினோரு வருஷம் பயந்த பயத்துக்கு, வலி ரொம்பச் சின்னதாக இருந்தது. ஏமாற்றமாகக்கூட இருந்தது.

வேலை முடிந்தபோது என் மூக்கிலிருந்து மோவாய் வரை எனக்குச் சொந்தமில்லாத முகம். வாயில் பஞ்சு. உதடு எங்கே இருக்கிறது என்று கையால் தேட வேண்டியிருந்தது.

“இப்ப நீங்க ஊத முடியாது,” என்றார் டாக்டர். “நான் ஏழையும் ஊதறேன். கண்ணைத் துண்டால மூடிக்கிட்டுக் கேளுங்க. காதாலதான் தேர்ந்தெடுக்கணும்.”

பெரில் என் கண்மேல் துண்டைப் போட்டாள். டாக்டர் என் எட்டு அடியை ஏழு தடவை ஊதினார். என்ன வாசிப்பு! ஒவ்வொன்றுக்கு முன்னாலும் “ஒண்ணு”, “ரெண்டு” என்று அறிவித்தார். “நாலு” என்றபோது நான் காதைத் தீட்டிக்கொண்டேன். ஆகா, பெரிய பெரிய ஆளுங்க கேட்டது! மிச்சத்தையும் மரியாதைக்குக் கேட்டுவைத்தேன். துண்டை எடுத்தார்கள்.

“எது நெவில்?”

“ஆ... உ!” என்றேன்.

“என்னது?” என்றார் டாக்டர்.

“அஞ்சுன்றார்,” என்றாள் பெரில்.

நான் பலமாகத் தலையை ஆட்டினேன். “ஊஊம்! ஆஆ... உ!”

“அஞ்சேதான்னு சொல்றார்.”

எனக்குப் பகீரென்றது. பேச்சுதானே போச்சு, கை இருக்கிறதே! நாலு விரலை நீட்டிக் காட்டினேன்.

“இது நாலு மாதிரி இருக்கே?” என்றார் டாக்டர்.

“கட்டைவிரல் பயத்துல உள்ளே போயிருக்கு. பாவம்,” என்று என் கட்டைவிரலைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டாள். “அஞ்சு.”

“ஏஏ... இஇ! ஆஉ! ஆஉ!” நாற்காலியின் கையை ஓங்கி அடித்தேன். எச்சில் சட்டையில் வழிந்தது.

“ரொம்ப ரொம்ப நன்றின்றார். கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டார். அஞ்சைக் கட்டிக்கொடுத்துடுங்க டாக்டர்.”

திரும்புகிற வழியெல்லாம் நான் பேச முயற்சி செய்தேன். அவள் அதை ரேடியோ மாதிரி கேட்டுக்கொண்டு வந்தாள். நடுவில் ஒரு கடையில் நிறுத்தி, உண்மையாகவே ஜன்னல் திரை வாங்கினாள். நான்தானே சொன்னேனாம்.

இரண்டு நாளில் வீக்கம் வடிந்தது. ஒரு வாரத்தில் பல்லை மவுத்பீஸ்மேல் தைரியமாக வைத்தேன். ஆணி இல்லை. கீச்சும் இல்லை. செவ்வாய் ஒத்திகையில் கோலீன் தடியை இறக்கிவிட்டு, “நெவில், எட்டு அடியும் உங்களுக்குத்தான்” என்றாள். மெர்வின் பழையபடி கூன் போட்டு உட்கார்ந்தான்.

இதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருப்பேனா? சத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது பெரிலுடைய சத்தம். அவள் தேர்ந்தெடுத்த அஞ்சு. ஊதும்போதெல்லாம் நாலு என்னைக் கூப்பிட்டது. கேட்கக் கேட்க அஞ்சில் குற்றங்கள் தென்பட ஆரம்பித்தன. கீழ் சுரங்களில் ஒரு சளி. மேல் சுரங்களில் ஒரு திமிர். நடுவில் ஒரு அலட்சியம். சாப்பாட்டு மேஜையில் கொஞ்சம் சொல்லிப் பார்த்தேன்.

“இந்த அஞ்சுல ஆழம் பத்தலை பெரில்.”

“கிணறா தோண்டறே?”

“உனக்குச் சங்கீதம் புரியாது.”

“சரி. பாஸ்டி ஓரத்தைச் சாப்பிடு.”

சாப்பிட்டேன். கடக் முடக் என்று சாப்பிட்டேன். ஆனால் மனசுக்குள் நாலாவது முடிவு பிறந்துவிட்டது.

பெரில் பேக்கரிக்குப் போன நேரம் பார்த்து டாக்டருக்கு டெலிபோன் செய்தேன். அன்று என் வாக்குமூலம் தவறாக மொழிபெயர்க்கப்பட்டது என்று எடுத்துச் சொன்னேன். “அதுக்கென்ன நெவில், அஞ்சை அனுப்புங்க, நாலை அனுப்பறேன்” என்றார். தங்கமான மனுஷர். எங்கள் ஊர் தபால் ஆபீசில் கொடுத்தால் பேக்கரிவரை செய்தி போய்விடும். அதனால் கடினாவுக்குப் போய்ப் பார்சலைச் சேர்த்தேன். பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பக்கத்து ஊர்தான். பதில் பார்சலையும் என் கிடங்கு விலாசத்துக்கே அனுப்பச் சொன்னேன். எப்பேர்ப்பட்ட ஏற்பாடு! நான் இவ்வளவு கெட்டிக்காரனாக இருப்பது எனக்கே அதிர்ச்சியாக இருந்தது.

ஆறாம் நாள் பார்சல் வந்தது. எடை மேடைக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து பிரித்தேன். வெல்வெட் துணி. உள்ளே பளபளவென்று மெருகேற்றிய கறுப்பு மூக்கு. மேலே ஸ்டிக்கர்: 4.

அன்று சாயங்காலம் பெரில் கடைக்குப் போனதும் ஊதிப் பார்த்தேன். கண்ணீர் வந்துவிட்டது. இதல்லவா சத்தம்! சளி எங்கே, திமிர் எங்கே! கிணறு இல்லை, சுரங்கமே தோண்டலாம், அத்தனை ஆழம். ஸ்டிக்கரைப் பிய்த்து, மூன்றாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். பெரில் திரும்பி வந்து, “இன்னைக்கு நல்லா இருக்கே” என்றாள். நான் மர்மமாகப் புன்னகைத்தேன்.

கச்சேரி நாளன்று மண்டபம் நிரம்பியிருந்தது. டாக்டர் லிண்ட்னரும் அடிலெய்டிலிருந்து வந்து மூன்றாவது வரிசையில் பெரிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் இடம் வந்தது. மொத்த பேண்டும் வாயை மூடியது. என் எட்டு அடி மட்டும் அந்தக் கூரைக்குக் கீழே தனியாக நடந்துபோனது. பத்தொன்பது வருஷ ‘பூம்’களும் சேர்ந்து ஒரு வாக்கியம் பேசியது போல இருந்தது. அப்புறம் கைதட்டல். முன்வரிசையில் கம்பளி விற்கிற பெரியவர் ஒருவர் மூக்கைச் சிந்தினார். ஜலதோஷம் என்று மெர்வின் சொன்னான். நான் நம்பவில்லை.

கச்சேரிக்குப் பிறகு டீ. மேஜை நிறைய லாமிங்டன் கேக். எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். இதுதான் சமயம் என்று கப்பைக் கரண்டியால் தட்டினேன்.

“நண்பர்களே, ஒரு உண்மையைச் சொல்லியாகணும். இன்னைக்கு நீங்க கேட்டது என் மனைவி தேர்ந்தெடுத்த அஞ்சாவது மவுத்பீஸ் இல்லை. அது சுமார் ரகம். நான் ரகசியமா அதைத் திருப்பி அனுப்பிட்டு, என் சொந்தக் காதால, சொந்த புத்தியால தேர்ந்தெடுத்த நாலாவதுலதான் இன்னைக்கு ஊதினேன். வித்தியாசம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். இதோ ஆதாரம்!” என்று பர்ஸிலிருந்து ஸ்டிக்கரை எடுத்து உயர்த்திக் காட்டினேன்.

கோலீன் தரையைப் பார்த்தாள். டாக்டர் லிண்ட்னர் தாடியைச் சொறிந்துகொண்டு கூரையைப் பார்த்தார். பெரில் லாமிங்டனை மென்று விழுங்கி, விரலில் ஒட்டிய தேங்காய்த்தூளைத் தட்டினாள்.

“அது அஞ்சுதான் நெவில்.”

“என்னது?”

“நீ போன் பண்ணின அன்னிக்கே டாக்டர் எனக்கும் போன் பண்ணிட்டார். அதையே மெருகேத்தி, ஸ்டிக்கரை மட்டும் மாத்தி அனுப்பச் சொன்னேன்.”

மண்டபம் ஒரு சுற்றுச் சுற்றியது. “அப்படின்னா... நான் அன்னிக்கு நாலுன்னுதானே சொன்னேன்? உனக்குப் புரிஞ்சுதா, இல்லையா?”

“நல்லாப் புரிஞ்சுது. வாய் நாலுன்னு சொல்லுச்சு. ஆனா கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருந்தப்போ, அஞ்சாவதுக்குத்தான் உன் கால் தாளம் போட்டுச்சு,” என்று சொல்லிவிட்டு இன்னொரு லாமிங்டனை எடுத்துக்கொண்டாள் பெரில். “உன் வாயை நான் என்னிக்கு நம்பியிருக்கேன்?”